எண்ணிட்ட ஊர்களும் தாய்வழிக் குடிகளும்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் இறங்கி, வெல்லாவெளிக்கும் அப்பால் பயணம் செய்பவர் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பார். போரதீவு, பழுகாமம், மண்டூர் என்று கேட்டுப் பழகிய ஊர்ப் பெயர்கள் குறைந்து, 35ஆம் கிராமம், 37ஆம் கிராமம், 39ஆம் கிராமம் என எண்கள் வரத் தொடங்கும். அம்பாறை மாவட்டத்தின் நாவிதன்வெளிப் பக்கத்திலும் இதே நிலைதான். 7ஆம் கிராமம், 15ஆம் கிராமம் என்று சொன்னால் அங்கு எவருக்கும் விளங்கும். இத்தகைய ஊர்களின் வரலாற்றையும் குடும்ப வழியையும் எப்படித் தேடி எழுதலாம் என்பதே எனது இன்றைய உரையின் பொருள்.

எண்கள் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழில் பட்டிப்பளை ஆறு எனப்படும் கல்லோயாவை மறித்து அணை கட்டுவதற்காக 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அமெரிக்க ஒப்பந்த நிறுவனம் ஒன்று அணையைக் கட்டியது. நீர் பாயவிருந்த நிலத்தில் குடியேற்றங்கள் திட்டமிடப்பட்டன. வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடப்பட்டது. அந்த எண்ணே ஊரின் பெயராக நிலைத்துவிட்டது. பொறியியலாளரின் மேசையில் பிறக்கும் ஊர்களுக்கெல்லாம் இது பொதுவான விதி போலும். தமிழ்நாட்டின் நெய்வேலியில் 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டு, சுரங்கத் தொழிலாளருக்கென நகரியம் எழுந்தபோது, அதன் பகுதிகளும் எண்ணிட்ட வட்டங்களாகவே வகுக்கப்பட்டன. கரிக்காக எழுந்த ஊரானாலும் நீருக்காக எழுந்த ஊரானாலும், அங்கு வந்து சேர்ந்தவர்கள் தத்தம் பழைய ஊர்களை மனத்தில் சுமந்துகொண்டுதான் வந்தார்கள். தேடவேண்டியது அந்தச் சுமையைத்தான்.

தேடுகிறவர் கையில் முதலில் அகப்படுவது, நாம் பெர்மிட் என்று சொல்லும் காணி அனுமதிப்பத்திரம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட இப்பத்திரம், காணி துண்டு துண்டாகிவிடக் கூடாது என்ற நோக்கில், தமக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளரை நியமிக்கச் சொல்கிறது. பத்திரம் பெற்றவர் அப்படி நியமிக்காமல் இறந்துவிட்டால், சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஆண் மக்களை முன்னே வைத்தது. அவர்களுள்ளும் மூத்தவருக்கே முதலிடம். இந்த ஆண்வழி முன்னுரிமை நீங்குவதற்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாவது ஆவணம் பிறப்புச் சான்றிதழ். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பிடத்தையும், தந்தைவழிப் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பிடத்தையும் பார்த்தே வம்சாவளிப் பிரஜையை நிர்ணயித்தது. ஆகவே சான்றிதழிலும் பாட்டனுக்கும் பூட்டனுக்கும் கட்டங்கள் உண்டு. தாயின் தாய்க்குக் கட்டம் இல்லை.

மட்டக்களப்பில் இது சிறிய குறை அன்று. நமது பழைய முறையில் குடி எனப்படும் குலப்பிரிவு தாய்வழியாகவே வருவது. உலகிப்போடிகுடி, காலிங்காகுடி, படையாண்டகுடி என்று எதுவாயினும், பிள்ளை தாயின் குடியையே சேரும். ஒரே குடிக்குள் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இல்லை. இப்பிரதேசத்து முஸ்லிம் மக்களிடமும் தாய்வழிக் குடி முறை உண்டு. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிகளின் சார்பில் மரைக்காயர்கள் இருந்து வந்திருக்கிறார்கள். முதுசம் எனும் பரம்பரைச் சொத்தைத் தாய்வழியே செலுத்திய, முக்குவர் சமூகத்தின் வழமைச் சட்டமான முக்குவர் சட்டம் 1876க்குப் பின் நீதிமன்றங்களில் செல்வாக்கிழந்த போதிலும், வீடும் வளவும் சீதனமாக மகளுக்கே போகும் வழக்கம் வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் இன்றும் நிலைத்திருக்கிறது. மகளுக்கு வீடு கொடுக்கும் சமூகம், மகனை முன்வைக்கும் பத்திரத்தின் கீழ் குடியேறியபோது என்ன நடந்தது என்பதைக் கேட்காமல் எண்ணிட்ட ஊர் ஒன்றின் வரலாற்றை எழுத முடியாது என்பது எனது உறுதியான கருத்து.

ஆதலால் வம்சாவளி கேட்கப் போகும் இளைஞர்களிடம் நான் சொல்வது இதுதான்: பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னர், வீட்டிலுள்ள மூத்த பெண்ணிடம் "உங்கட தாய்குடி எது? எந்த ஊர்க் கோயிலில் அந்தக் குடிக்குத் திருவிழா?" என்று கேளுங்கள். கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில் போன்ற பெருங்கோயில்களில் குடிகளுக்கென்று உரிமைகள் உள்ளன. காணி வழங்கத் தெரிவு நடத்தும் காணிக் கச்சேரியின் பட்டியலில் வெறும் பெயராக நிற்கும் குடும்பம், திருவிழாவுக்கு எந்தக் கோயிலுக்கு வண்டி கட்டிப் போனது என்று தெரிந்தால், அதன் பூர்வீக ஊருக்கு ஒரு தடம் கிடைத்துவிடும். போடியார் எனும் நிலவுடைமையாளர் ஒருவரின் வயலில் முல்லைக்காரராக, அதாவது வயல் வேலையாளராக, இருந்தவர் சொந்தக் காணிக்காரரான கதையும் இப்படிக் கேட்கும்போதுதான் வெளிவரும். தாமாக அதைச் சொல்லப் பலர் விரும்புவதில்லை.

காகிதத்தை மட்டும் நம்புவதற்கு இல்லை என்பதற்கு வேறு காரணங்களும் உள்ளன. 1956 ஜூனில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் நடந்த வன்முறையில் தமிழ்க் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளோடு பெட்டகங்களில் இருந்த காகிதங்களையும் கொண்டுபோயிற்று. போர்க் காலத்து இடப்பெயர்வுகளைத் தனியே விவரிக்க வேண்டியதில்லை. முதலில் பெர்மிட் பெற்றவரும் இன்று அந்த வளவில் இருப்பவரும் உறவினர் என்று எடுத்த எடுப்பிலேயே எழுதிவிடாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எண்ணிட்ட கிராமம் ஒன்றில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என்று ஐந்து தலைமுறைப் பெண்களின் பெயர்களை அவர் மூச்சுவிடாமல் சொன்னார். ஒரு தாய் வயிற்றுவாரில், அதாவது ஒரு தாய்வழிக் கிளையில், எவர் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார் என்பதும் அவருக்கு மனப்பாடம். தகப்பனின் தகப்பன் பெயரைக் கேட்டபோது சற்று யோசித்துவிட்டு, ஒரு பட்டப்பெயரை மட்டும் சொல்லிச் சிரித்தார்.

பெர்மிட் அவருடைய மூத்த தமையனின் பெயரில் இருந்தது. வளவைச் சுற்றிப் பார்த்தேன். முன்புறத்தில் தமையனின் வீடு. பின்புறத்தில், தகப்பன் இவருக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீடு. இரண்டுக்கும் நடுவில், கதியால் எனும் உயிர்க் கம்புகளை நட்ட வேலி ஒன்று ஓடியது. அரச வரைபடத்தில் அந்த வேலிக்குக் கோடு கிடையாது. அங்கே அது ஒரே எண்ணுள்ள ஒரே துண்டுக் காணி. கிணறு வேலியின் மேலேயே இருந்தது. இரு வீட்டாரும் தத்தம் பக்கத்தில் நின்று தண்ணீர் அள்ளினார்கள். எனது குறிப்பேட்டில் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை வரைந்தபோது, அந்த வேலியையும் கிணற்றையும் சேர்த்தே வரைந்துகொண்டேன்.

நன்றி, வணக்கம்.