கோதுமை ஆகாதவர்களுக்கு எந்தத் தானியம் ஆகும்?

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைக்குச் சீலியாக் நோய் என்று மருத்துவர் சொன்னதும், எங்களைப் போன்ற உணவு ஆலோசகர்களிடம் வரும் தாய்மார்கள் முதலில் கேட்பது, "இனிமே இவனுக்கு என்னதாங்க குடுக்குறது?" என்பதுதான். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மூன்று வேளையும் ரொட்டி சுடுகிற பஞ்சாப் வீட்டுத் தாய்க்கு உள்ள சிரமம் நமக்கு இல்லை. நம் வீட்டு உலையில் கொதிப்பது அரிசி.

கோதுமையில் குளூட்டன் என்றொரு புரதம் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் சிதைந்துபோகின்றன. ஓயாத வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாத பிள்ளை. சில பெரியவர்களுக்கு வயிற்றுத் தொல்லையே இருக்காது; இரும்புச்சத்து மாத்திரை எத்தனை போட்டாலும் ரத்தசோகை மட்டும் தீராது.

காரணம் கோதுமைதான் என்று நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. அதன்மேல் அவருக்கு முன்பே சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில், போரினால் அந்த நாட்டில் ரொட்டிக்குக் கடும் பஞ்சம். அந்தப் பஞ்சத்திலும் சீலியாக் குழந்தைகள் மோசமாகவில்லை. ரொட்டி திரும்பக் கிடைத்ததும் நோயும் திரும்பியது. 1950இல் தன் ஆய்வேட்டில் இதை விரிவாக எழுதினார்.

கோதுமையோடு பார்லியும், ரை என்ற குளிர்நாட்டுத் தானியமும் ஆகாது. ரவை, மைதா, சேமியா, கோதுமை நொய் எல்லாம் கோதுமைதான். சம்பா கோதுமை பழைய நாட்டு ரகம், அது ஒன்றும் செய்யாது என்று சொல்கிறார்கள். செய்யும். முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் நம்பிச் சாப்பிட முடியாது. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது; அதுவும் கூடாது. கால் வீக்கத்துக்குக் காய்ச்சித் தரும் பார்லிக் கஞ்சியும், பார்லி மால்ட் சேர்ந்த சத்துபானப் பொடிகளும் அப்படியே.

ஆகும் தானியங்கள்தான் நம்மிடம் ஏராளம். புழுங்கல், பச்சை, சிவப்பு என எல்லா அரிசியும் ஆகும். கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு எதிலும் குளூட்டன் இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், கம்மங்கூழ், களி என்று தாராளமாகச் சாப்பிடலாம். அரிசியோடு மட்டும் நின்றுவிடாதீர்கள் என்பேன். குடல் கெட்டிருந்த காலத்தில் சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் குறைந்திருக்கும். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய.

தானியம் நல்லதாக இருந்தும் பிள்ளை தேறவில்லை என்றால், நான் முதலில் விசாரிப்பது மாவு மில்லைத்தான். ரேஷன் கோதுமையை ஒருவர் அரைத்துவிட்டுப் போகிறார். அடுத்து உங்கள் கேழ்வரகைக் கொட்டுகிறார்கள். அரவைக் கல்லிலும், மாவு இறங்கும் துணிக்குழாயின் மடிப்புகளிலும் கோதுமை மாவு ஒட்டியிருக்கும். தட்டிவிட்டாலும் முழுதும் போகாது. குளூட்டன் இல்லாதது என்று விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. அவ்வளவு நுண்ணிய கணக்கு இது. முழுத் தானியமாக வாங்கி, கோதுமை மணிகளைப் பொறுக்கியெடுத்து, கழுவிக் காயவைத்து, வீட்டு மிக்சியிலேயே அரையுங்கள். சல்லடையும் தனியாக இருக்கட்டும். சப்பாத்தி போட்ட கல்லில் அந்தப் பிள்ளைக்குத் தோசை வார்க்க வேண்டாம்.

அடுத்தது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கிறது. சாம்பார், ரசம், முறுக்கு வழியாக அது தினமும் உள்ளே போகும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, பார்த்து வாங்குங்கள். சத்துமாவுப் பாக்கெட்டில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். கேழ்வரகுச் சேமியா என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் கோதுமை மாவும் இருக்கும். ஓட்ஸ் கொஞ்சம் சிக்கலானது. கோதுமை கலக்காத சுத்த ஓட்ஸ் பலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. நோய் அடங்கிய பிறகு, மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வட இந்தியாவில் 100 பேரில் ஒருவருக்குச் சற்று மேல் இந்த நோய் இருக்கிறது. தென்னிந்தியாவில் சுமார் 1000 பேரில் ஒருவருக்கு. ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. வேறுபாடு, சாப்பிடும் கோதுமையின் அளவில். நம் வீடுகளிலும் இப்போது இரவானால் சப்பாத்தி என்றாகிவிட்டதால், இங்கே இந்த நோய் வராது என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சந்தேகம் இருப்பவர்கள் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தினால் ரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பி வழியே குடலில் எடுக்கும் சதைப் பரிசோதனையும் நோய் இல்லை என்று தவறாகக் காட்டிவிடக்கூடும். முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம். உறுதியானால் அந்தப் பத்தியம் ஆயுள் முழுவதற்கும். வீட்டில் ஒருவருக்கு இருந்தால், தொல்லை எதுவும் இல்லாவிட்டாலும் பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

வணக்கம்.