ரேஷனுக்கு எழுதிக் கொடுத்த பேரு

(போன ஞாயித்துக்கிழமை எங்க வாசகர் கூட்டத்துல நான் பேசினது. ஃபோன்ல ரெக்கார்ட் ஆனத கேட்டுக் கேட்டு டைப் பண்ணிருக்கேன், நடுவுல ஃபேன் சத்தத்துல போனதெல்லாம் போச்சு.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா? சரி. நான் எழுத்தாளரும் இல்ல விமர்சகரும் இல்ல, ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல 14 வருஷமா கணக்கு பாக்குறேன், மார்ச் வந்தா வீட்டுல என்ன மறந்தே போயிடுவாங்க. என்ன பேச சொன்னதும், யங் அடல்ட் நாவல் பத்தி பேசுறேன்னு சொன்னேன். முன்வரிசைல உக்காந்திருக்க சார் உடனே, அது சின்னப் பசங்க படிக்கிறதாச்சேம்மான்னாரு. ஆமா சார், சின்னப் பசங்க படிக்கிறதுதான். என் அக்கா பொண்ணு லீவுக்கு வந்தப்போ கட்டில்ல போட்டுட்டுப் போன புக்குதான் எனக்கு முதல்ல கெடச்சுது, தூக்கம் வரலயேன்னு எடுத்தேன், காலைல பால்காரர் பெல் அடிக்கிற வரைக்கும் கீழ வைக்கல. த ஹங்கர் கேம்ஸ். சூசன் காலின்ஸ் எழுதினது, 2008.

கதை நிறைய பேருக்கு படமா தெரிஞ்சிருக்கும். பனெம்னு ஒரு நாடு, ஒரு காலத்துல வட அமெரிக்காவா இருந்த இடம், நடுவுல கேபிடல்னு பணக்கார தலைநகர், சுத்தி 12 மாவட்டம். எப்பவோ மாவட்டங்க கலகம் பண்ணதுக்கு தண்டனையா வருஷா வருஷம் ஒவ்வொரு மாவட்டத்துலேந்தும் ஒரு பையன் ஒரு பொண்ணு, 12லேந்து 18 வயசுக்குள்ள, சீட்டு குலுக்கி எடுத்து ஒரு மைதானத்துல விட்டு ஒருத்தர ஒருத்தர் கொல்ல விடுவாங்க, அத டிவில லைவா காட்டுவாங்க. இதோட நிறுத்தியிருந்தா சும்மா ரத்தக்களரி கதைதான். ஜப்பான்ல இதே மாதிரி நாவல் 1999லயே வந்துச்சே, காப்பியான்னு ஒரு சண்டை கூட ஓடிச்சு. காலின்ஸ் சொன்னது, ராத்திரி டிவி சேனல மாத்திட்டே இருந்தப்போ ஒண்ணுல ரியாலிட்டி ஷோ இன்னொண்ணுல இராக் போர், ரெண்டும் கலந்து போச்சாம், கூடவே சின்ன வயசுல படிச்ச கிரேக்கக் கதை, ஏதென்ஸ்லேந்து ஏழு பையன் ஏழு பொண்ணு கிரீட் தீவுக்கு பலியா போற கதை.

ஆனா என்ன பிடிச்சு இழுத்தது அதெல்லாம் இல்லீங்க. முதல் அத்தியாயத்துல வர்ற ஒரு கணக்கு.

அந்த சீட்டு எப்படி போடுறாங்கன்னா, 12 வயசுல உங்க பேர்ல ஒரு சீட்டு, 13ல ரெண்டு, 14ல மூணு, இப்படி 18 வரும்போது ஏழு. எல்லாருக்கும் ஒரே விதி, நியாயமாத்தானே இருக்கு? இங்கதான் டெசெரான்னு ஒண்ணு வருது. வீட்டுல சோறு இல்லன்னா உங்க பேர்ல இன்னொரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம், அதுக்கு பதிலா ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு கொஞ்சம் தானியமும் எண்ணெயும் தருவாங்க. ரேஷன்தான், ஆனா கார்டுக்கு பதில் உங்க உயிர நீட்டணும். வீட்டுல எத்தன பேரோ அத்தன வாங்கலாம், வருஷா வருஷம் வாங்கலாம், பழைய சீட்டு எதுவும் கழியாது, ஏறிட்டே போகும். கதாநாயகி காட்னிஸ் வீட்டுல மூணு பேர், அவ, அம்மா, தங்கச்சி பிரிம். வருஷத்துக்கு ஒரிஜினல் ஒண்ணு ரேஷன் மூணு, ஆக நாலு, அஞ்சு வருஷத்துக்கு 20. 16 வயசுல அவ பேர் 20 சீட்டுல இருக்கு. அவ ஃப்ரெண்டு கேலுக்கு வயசு 18, வீட்டுல அஞ்சு பேர், வருஷத்துக்கு ஆறு, ஏழு வருஷம், 42. நான் புக்கு மூடிட்டு கரண்ட் பில்லுக்குப் பின்னாடி கூட்டிப் பாத்தேன், டாலி ஆச்சு. கதாசிரியர் கணக்க சரியா போட்டிருக்காங்கன்னு தெரிஞ்ச நிமிஷமே இந்தம்மாவ நம்பலாம்னு தோணிடுச்சு எனக்கு.

இதுக்குள்ள இன்னொண்ணு இருக்கு, அதத்தான் தாங்க முடியல. காட்னிஸோட அப்பா நிலக்கரி சுரங்கத்துல வெடிச்சு சாகும்போது அவளுக்கு வயசு 11. அம்மா அப்படியே சுருண்டு உக்காந்துடுறாங்க, எழுந்து அடுப்ப கூட பாக்கல. 12 ஆனாத்தான் டெசெரா கேக்க முடியும், மே 8 அவ பொறந்தநாள். அதுவரைக்கும் உயிரோட இருந்துட்டா போதும்னு அந்தப் புள்ள நாள எண்ணிட்டு இருக்கா. நம்ம வீட்டுப் பசங்க பொறந்தநாளுக்கு கேக்குக்கும் சட்டைக்கும் காத்திருக்கும், இவ தன் பேர எழுதிக் கொடுக்குற நாளுக்காக காத்திருக்கா. அப்போதான் அந்த மழை நாள் சீன் வருது, பேக்கரி பின்பக்கம் குப்பைத்தொட்டிய தெறந்து பாக்குறா, சுத்தமா காலி. பேக்கரிக்கார அம்மா விரட்டி விடுது. கொஞ்ச நேரத்துல உள்ள சத்தம், அந்தம்மாவோட பையன் பீட்டா, பின்னாடி காட்னிஸ் கூட அந்த ஆட்டத்துக்குப் போகப் போறவன், கன்னத்துல அடி வாங்கின தடிப்போட ரெண்டு ரொட்டிய எடுத்துட்டு வெளிய வர்றான், மேல கருகி இருக்கு, பன்னிக்குப் போடுடான்னு அம்மா கத்துறா, இவன் அம்மா அந்தப்பக்கம் திரும்பினதும் காட்னிஸ் பக்கம் வீசிட்டு, ஒரு பார்வை கூட பாக்காம உள்ள போயிடுறான். வேணும்னேதான் அத கருக விட்டிருப்பானோன்னு அவளுக்கு ரொம்ப லேட்டாத்தான் தோணுது. முழுப் புத்தகத்துலயும் லவ்வுன்னு நான் ஒத்துக்குறது அந்த கருகின ரொட்டிய மட்டும்தான், அதுக்கப்புறம் கேமராவுக்கு முன்னாடி நடக்குற முத்தமெல்லாம் எனக்கு ரெண்டாம்பட்சம். டீம் பீட்டாவா டீம் கேலான்னு அக்கா பொண்ணு கேட்டா, டீம் பேக்கரின்னு சொல்லிட்டேன்.

அப்புறம் மூணாவது ரொட்டி ஒண்ணு இருக்கு. ரூன்னு 12 வயசு பொண்ணு, 11ஆம் மாவட்டம், மைதானத்துல காட்னிஸ் கூட சேந்துக்குறா, செத்துப் போறா. காட்னிஸ் அவ உடம்ப சுத்தி பூ வைக்கிறா. அன்னைக்கு சாயங்காலம் வானத்துலேந்து பாராசூட்ல ஒரு சின்ன ரொட்டி வருது, பிறை மாதிரி, மேல விதை தூவி. 11ஆம் மாவட்டத்து ரொட்டி. ஆட்டத்துல இருக்கவங்களுக்கு வெளிய இருக்கவங்க காசு கட்டி இப்படி பொருள் அனுப்பலாம், ஆட்டம் போகப் போக அதுக்கெல்லாம் விலை ஏறிட்டே இருக்கும். அந்த ஜனங்களே பட்டினி, தங்களோட புள்ளைக்குன்னு காசு சேத்திருக்கு, புள்ள போயிடுச்சு, சேத்த காச திருப்பி எடுத்துக்காம வேற மாவட்டத்து பொண்ணுக்கு அனுப்பிட்டாங்க. புரட்சின்னு ஒண்ணு வந்து மூணாவது புக்குல குண்டெல்லாம் வெடிக்கும், எனக்கு அது இந்த ரொட்டிலயே ஆரம்பிச்சாச்சு. பனெம்ங்கற பேரே லத்தீன்ல ரொட்டிதான், சாப்பாட்டப் போட்டு வேடிக்கையும் காட்டினா ஜனம் கேள்வி கேக்காதுன்னு ரோமானியங்க சொன்னதுலேந்து எடுத்தது. ஆனா மாவட்டத்துக்காரனுக்கு வேடிக்கை மட்டும்தான், ரொட்டி கேபிடலுக்குப் போயிடுது. ரெண்டாவது புக்குல கேபிடல் விருந்து ஒண்ணு வரும், வயிறு நெறஞ்சா வாந்தி எடுக்க சின்ன கிளாஸ்ல ஒரு மருந்து வச்சிருப்பாங்க, குடிச்சு கக்கிட்டு மறுபடியும் சாப்பிடலாம். அந்தப் பக்கத்த படிக்கும்போது எனக்கு இட்லி இறங்கல.

இப்ப இத வச்சே நான் எல்லா யங் அடல்ட் புக்கையும் எடை போட ஆரம்பிச்சுட்டேன், தொழில் புத்தி. இந்த உலகத்துல யாருக்கு என்ன கெடைக்குது, அதுக்கு யார் காசு கட்டுறாங்க? பில்ல காட்டு. பில்லு காட்டாத புக்கு எவ்ளோ வேகமா ஓடினாலும் மனசுல நிக்க மாட்டேங்குது. டைவர்ஜென்ட்னு ஒண்ணு 2011ல வந்துச்சு, வெரோனிகா ராத் காலேஜ்ல படிக்கும்போது எழுதினது, சிகாகோல ஜனங்கள அஞ்சு குழுவா பிரிச்சு வச்சிருப்பாங்க, தைரியம் ஒரு குழு, அறிவு ஒரு குழு, இப்படி குணத்துக்கு ஒரு குழு. பொய் சொல்ல மாட்டேன், ஒரே ராத்திரில முடிச்சேன், ஓடுற ரயில்லேந்து குதிக்கிற சீனெல்லாம் அருமை. ஆனா எந்தக் குழுலயும் சேராத ஜனம் தெருவுல கெடக்குது, பஸ் ஓட்டுறது கூட்டுறது எல்லாம் அவங்கதான், ரோட்டோரமா அவங்கள பாத்துட்டு கதை பாட்டுக்கு டிரெயினிங்குக்கும் லவ்வுக்கும் போயிடுது. யம்மா, அந்தாள் வீட்டுல இன்னைக்கு உலை வச்சாங்களான்னு சொல்லிட்டுப் போயேன்னு இருந்துச்சு எனக்கு. மூணாவது பாகத்து முடிவுக்கு ரசிகர்கள் ஆசிரியர திட்டித் தீத்தாங்க, அந்த விஷயத்துல மட்டும் நான் ஆசிரியர் கட்சி. என்ன முடிவுன்னு சொல்ல மாட்டேன், ரெண்டாவது வரிசைல ஒரு பாப்பா காத பொத்திக்குது.

மந்திரவாதி கதைக்கும் இதே கேள்விதான். உர்சுலா லெ குவின் 1968ல எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ எழுதினாங்க, ஹாரி பாட்டருக்கு 29 வருஷம் முன்னாடி, மந்திரப் பள்ளிக்கூடம், கர்வம் பிடிச்ச பையன், எல்லாம் இருக்கு. கெட்னு அந்தப் பையன், ஓஜியன்னு ஒரு பெரிய மந்திரவாதிகிட்ட சிஷ்யனா சேந்து கூடவே காட்டு வழியா நடக்குறான். மழை கொட்டுது. சாதாரண மந்திரவாதியே மழைய அந்தப்பக்கம் தள்ளி விட்டுடுவான், இவரு என்னடான்னா ஒரு மரத்தடில சுருண்டு படுத்து நனையுறாரு, பையன் ஈரத்துல புதருக்குள்ள உக்காந்துட்டு, சக்தி இருந்து என்ன பிரயோஜனம்னு கடுப்பாகுறான். அப்புறம் பள்ளிக்கூடத்துலதான் சொல்லித் தர்றாங்க, இந்தத் தீவுல நீ மழை வரவச்சா வேற ஒரு தீவு காயலாம். பில்லு! மழைக்கும் பில்லு. அந்தக் கணக்கு புரியாம பையன் பெருமைக்கு ஒரு மந்திரம் போட்டு, ஒரு நிழல் வெளிய வந்து அவன் மூஞ்சிய கிழிச்சுடுது, அத அடைக்கப் போன தலைமை மந்திரவாதி உயிர விட்டுடுறாரு. விட்டது இவன், கட்டினது அவரு.

இன்னொரு விஷயம், கெட் செம்பழுப்பு நிறம், அவன் ஃப்ரெண்டு கருப்பு, புக்குலயே தெளிவா இருக்கு. 2004ல அமெரிக்க டிவில எடுத்தப்போ கெட்ங்கற அந்தப் பையன வெள்ளக்காரனாக்கிட்டாங்க, லெ குவின் செம கோவத்துல கட்டுரையே எழுதினாங்க. என் மாதிரி கலர்ல ஒரு மந்திரவாதி 1968லயே இருந்திருக்கான், எனக்கு 30 வயசுக்கு மேலதான் தெரியுது, அட்டைப்படத்துல கூட ரொம்ப நாள் ஒழுங்கா காட்டலன்னா எப்படித் தெரியும்?

த கிவர் பத்தியும் ஒரு வார்த்தை, லோயிஸ் லௌரி, 1993. இதுல பசி கிடையாது, சண்டை கிடையாது, எல்லாருக்கும் வேலை, எல்லாம் ஒரே சீரு. மலை கூட கிடையாது, லாரி ஏற லேட் ஆகுதுன்னு எடுத்துட்டாங்க, பனி பெஞ்சா வெள்ளாமை கெடுதுன்னு பனியும் கிடையாது, கலரும் கிடையாது. இவ்ளோ நிம்மதிக்கு யார் கட்டுறான்னு தேடிட்டே படிச்சேன். ஜோனஸ்னு ஒரு பையன்தான் கதாநாயகன், அவன் அப்பாவுக்கு குழந்தைங்கள பாத்துக்குற வேலை, ரொம்ப அன்பான மனுஷன். இரட்டைக் குழந்தை பொறந்தா எடை கம்மியா இருக்கறத அவரே ஊசி போட்டு, பெட்டில வச்சு, குப்பை போற சறுக்குல போட்டுட்டு, டாட்டா காட்டுறாரு. கெட்டவன் கிடையாதுங்க அவரு, தான் என்ன பண்றோம்னே தெரியாது, தெரிஞ்சுக்குறதுக்கான ஞாபகமே அவர மாதிரி ஆளுங்க யாருக்கும் இல்ல. நான் அன்னைக்கு ஆபீஸ்ல ஒரு வவுச்சர கூட கையெழுத்துப் போடாம திரும்பத் திரும்ப பாத்துட்டு இருந்தேன், மேனேஜர் உடம்பு சரியில்லையான்னு கேட்டாரு.

சார், நீங்க சின்னப் பசங்க புக்குன்னீங்களே. 2014 மே மாசம் தாய்லாந்துல ராணுவம் ஆட்சிய பிடிச்சப்போ ஜனங்க தெருவுல மூணு விரல தூக்கிக் காட்டினாங்க, காட்னிஸ் மாவட்டத்துக்காரங்க அவளுக்குக் காட்டினது. நவம்பர்ல பிரதமர் மேடைல பேசும்போது மாணவர்கள் முன்னாடி வந்து அதே மூணு விரல காட்ட, புடிச்சுட்டுப் போயிட்டாங்க. 2021ல மியான்மர்லயும் அதேதான். புக்குல அந்த சைகைக்கு புரட்சின்னெல்லாம் அர்த்தமே இல்ல, ஊர்ல சாவு வீட்டுல எப்பவாச்சும் காட்டுறது, நன்றி, மரியாதை, போய் வான்னு அர்த்தம்.

இதுக்காக பசிச்சவனெல்லாம் நல்லவன்னு காலின்ஸ் எழுதிடல, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2020ல வந்த த பேலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்னேக்ஸ்ல, பின்னாடி கொடுங்கோல் ஜனாதிபதியாகப் போற ஸ்னோவுக்கு 18 வயசு. முதல் வரிலயே அவன் கொதிக்கிற தண்ணில முட்டைக்கோஸ போடுறான். பெரிய வீட்டுப் பையன், போர்ல எல்லாம் போயிடுச்சு, ஸ்கூல்ல யாருக்கும் தெரியக் கூடாது, வயித்துக்குள்ள சத்தம் வரக் கூடாதுன்னு முட்டைக்கோஸ வேகவச்சு நெறச்சுட்டுப் போறான். காட்னிஸும் பட்டினி, இவனும் பட்டினி. இவன்தான் பின்னாடி, ஆட்டத்துல பந்தயம் கட்டலாம், பிடிச்ச புள்ளைக்கு காசு கட்டி சாப்பாடு அனுப்பலாம்னு யோசனை கொடுக்குறான். ரூவுக்காக சேத்த காசுல வந்த ரொட்டி இருக்கே, அந்த ஏற்பாடே இவன் மூளைல உதிச்சது. படிச்சுட்டு ஒரு வாரம் முட்டைக்கோஸ் பொரியலே பண்ணல நான்.

நேரம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க. இந்த ஹங்கர் கேம்ஸ் இங்க மேசைல வைக்கிறேன், யார் வேணா எடுத்துட்டுப் போங்க, டீக்கறை இருக்கும். உள்ள ஒரு பேப்பர் இருக்கும், அத மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. அக்கா பொண்ணு ஒரு நாள், சித்தி, உனக்கு எத்தன சீட்டு இருந்திருக்கும்னு கணக்குப் போட்டா. சின்ன வயசுல எங்க வீட்டுல ஆறு பேர், அப்பா, அம்மா, பாட்டி, அக்கா, நான், தம்பி. வருஷத்துக்கு ஏழு, 16 வயசுல 35ன்னு எழுதினா. அக்கா அடுப்படிலேந்து என்னடி கணக்குன்னு கேட்டா, அவ இந்தப் புக்க தொட்டது கூட கிடையாது. பொண்ணு வெளக்கினா. அக்கா கரண்டிய கீழ வைக்காமயே, இவ எதுக்கு வாங்கணும், பெரியவ நான் இருக்கேன்லன்னுட்டு தாளிக்கத் திரும்பிட்டா. பொண்ணு 35ஐ அடிச்சுட்டு என் பேருக்கு நேரா 5ன்னு போட்டு, எனக்கு 16 ஆனப்ப அக்காவுக்கு 18ங்கறதால, அவ பேருக்கு நேரா 49ன்னு எழுதினா. அந்தப் பேப்பர்தான் அது, படிச்சுட்டு புக்கோட சேத்து திருப்பிக் கொடுத்துடுங்க.