எட்வர்ட் கிரீக்: மூணு நோட்ல ஒரு நார்வேக்காரர்

வணக்கம். இன்னைக்கு நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக். பக்கத்துல கீபோர்ட் இருந்தா ஆன் பண்ணிக்கோங்க. மொபைல்ல பியானோ ஆப் இருந்தாலும் போதும்.

ஏ நோட், அதை ஒட்டிக் கீழ இருக்கிற ஜி ஷார்ப், அப்புறம் ஈ. இறக்கமா வாசிங்க. ஏ-வை சட்ஜமா வச்சா இது ச, நி, ப. காகலி நிஷாதம், அதாவது ச-வை ஒட்டி இருக்கிற பெரிய நி. கிரீக்கோட ஏ மைனர் பியானோ கன்செர்ட்டோ (பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற படைப்பு) இதுலதான் ஆரம்பிக்குது. முதல்ல டிம்பனிங்கிற பெரிய முரசு மட்டும் உருண்டுட்டே சத்தம் ஏறும், உடனே பியானோ இந்த மூணு நோட்டையும் ஒவ்வொண்ணா கார்டா (பல நோட்டை ஒண்ணா அமுக்கி) அடிச்சு, ஆக்டேவ் ஆக்டேவா, அதாவது ஸ்தாயி ஸ்தாயியா, கீழ இறங்கும்.

நி வந்தா காது மேல ச-வைத்தான் எதிர்பார்க்கும். ஜெர்மன் பாடப்புத்தகமும் அப்படித்தான் சொல்லும். இவர் அதை ஏற விடாம ப-வுக்கு இறக்கிடறார். நார்வே நாட்டுப்புறப் பாட்டுல இந்த இறக்கம் சகஜம். 1878ல எழுதி முடிச்ச ஜி மைனர் ஸ்ட்ரிங் குவார்டெட்லயும் (நாலு தந்தி வாத்தியத்துக்கான படைப்பு) இந்த மாதிரி இறக்கம் வரும். கண்டுபிடிச்சுட்டீங்கன்னா அவரோட மத்த படைப்புலயும் அங்கங்க தலை காட்டும்.

ஆள் பிறந்தது 1843 ஜூன் 15, பெர்கன்ல. பியானோ சொல்லிக்கொடுத்தது அம்மா. வயலின் வித்வான் ஊலே புல் வீட்டுக்கு வந்து, பையன் வாசிக்கிறதைக் கேட்டுட்டு, ஜெர்மனியில இருக்கிற லைப்சிக் இசைக்கல்லூரிக்கு அனுப்புங்கன்னு பெத்தவங்ககிட்ட சொன்னார். 15 வயசுல போனார். அங்க நுரையீரல் நோய் வந்து, ஒரு பக்க நுரையீரல் கடைசி வரைக்கும் சரியாகல. பிறகு கோபன்ஹேகன்ல ரிக்கார்ட் நூர்ட்ரோக்கோட நட்பு. நார்வே தேசிய கீதத்துக்கு மெட்டுப் போட்டவர். லைப்சிக் சாயலை விட்டுட்டு நம்ம ஊர் இசையை எழுதுன்னு கிரீக்கைத் திருப்பிவிட்டதுல அவருக்குப் பெரிய பங்கு. நூர்ட்ரோக் 23 வயசுலயே இறந்துட்டார்.

கன்செர்ட்டோ எழுதினது 1868 கோடைல, டென்மார்க்ல, 25 வயசு. முதல் மேடை 1869 ஏப்ரல் 3, கோபன்ஹேகன், வாசிச்சது எட்முண்ட் நாய்பர்ட். கிரீக்கால போக முடியல. ஆனா 1907ல சாகிற வரைக்கும் அதைத் திருத்திட்டே இருந்தார்.

வாசிக்கிறவங்களுக்கு ஒண்ணு. அந்த ஆரம்ப இறக்கத்துல நோட் தப்பாகிறதுக்குக் காரணம் வேகம் இல்ல, கை தாமதமா நகர்றதுதான். மூணு நோட் உள்ள ஒரு குழுவை அடிங்க, உடனே அடுத்த ஆக்டேவுக்குக் கையைக் கொண்டுபோய் கட்டை மேல சத்தமில்லாம வைங்க, நிறுத்துங்க, அப்புறம் அடிங்க. நிறுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சா வேகம் தானா வரும்.

அதே கன்செர்ட்டோவோட கடைசிப் பக்கம் போங்க. ஏ மேஜர், ஜி ஷார்ப்தான் வரணும். இவர் ஷார்ப்பை எடுத்துட்டு வெறும் ஜி போடறார், அதாவது கைசிகி நிஷாதம், சின்ன நி. 1870ல ரோம்ல கையெழுத்துப் பிரதியைப் பார்த்த உடனே வாசிச்ச பியானோ மேதை லிஸ்ட், இந்த இடத்துல கத்தியே விட்டாராம், ஜி ஷார்ப் இல்ல, ஜின்னு. கிரீக் இதை வீட்டுக்குக் கடிதமா எழுதியிருக்கார்.

சரி, எல்லாருக்கும் தெரிஞ்சது பேர் ஜின்ட். நார்வே நாடக ஆசிரியர் இப்சனோட நாடகத்துக்கு எழுதினது, மேடையேறினது 1876 பிப்ரவரி 24. அதுல 'காலை'ங்கிற பகுதிக்கு யூடியூப்ல எல்லாரும் பனிமலையும் ஃபியோர்டும் (மலைகளுக்கு நடுவுல நுழையுற கடல்) போடறாங்க. நாடகத்துல அது மொராக்கோ! நாலாவது அங்கம். ப க ரி ச ரி க, அப்படியே மோகனம் மாதிரி அஞ்சே சுரம். ஃப்ளூட்டும் ஓபோவும் மாறி மாறி வாங்கிக்கும். அதே நாடகத்துல வர்ற 'மலையரசன் மண்டபம்' கிரீக்குக்கே பிடிக்கல, மாட்டுச்சாண நாத்தம் அடிக்கிற அதீத நார்வேத்தனம்னு நண்பருக்கு எழுதினார். அதை வாசிக்கும்போது எல்லாரும் செய்யுற தப்பு, சத்தம் ஏறும்போதே வேகத்தையும் ஏத்திடறது. பாதி தூரத்துலயே மூச்சு வாங்கும். முதல்ல சத்தம் மட்டும், வேகம் பின்னாடி.

என்னைக் கேட்டா, நிஜ கிரீக் இருக்கிறது 'லிரிக் பீசஸ்'ங்கிற சின்னச் சின்ன பியானோ துண்டுகள்ல. 10 தொகுப்பு, 66 துண்டு, 1867லேர்ந்து 1901 வரைக்கும். முதல் துண்டு ஓபஸ் 12ல (ஓபஸ்னா படைப்பு எண்) அரியெட்டா, ஈ ஃப்ளாட் மேஜர். சுலபம்னு நினைப்பீங்க, ஆனா மூணு அடுக்கு: மேல மெட்டு, கீழ பேஸ், நடுவுல ரெண்டு கையும் பங்கு போட்டுக்கிற பதினாறாம் நோட்டுகள். நடு அடுக்கு சத்தமா வந்தா மெட்டு மூழ்கிடும், ஏன்னா அங்க வேலை செய்யுறது கட்டைவிரல், மெட்டைத் தூக்குறது பலமில்லாத நாலாவது, அஞ்சாவது விரல். அதனால முதல்ல மெட்டும் பேஸும் மட்டும். ரெண்டாவது, நடு நோட்டுகளை உடைக்காம கார்டா ஒண்ணா அமுக்குங்க, விரல் இடம் பிடிபடும். அப்புறம்தான் உடைச்சு வாசிக்கணும். பெடல் பேஸ் மாறும்போதெல்லாம் மாறணும், பேஸ் விழுந்த உடனே, அதுக்கு முன்னாடி இல்ல. முன்னாடி மாத்தினா பேஸ் நிக்காம அறுந்துபோகும்.

பெர்கன் பக்கத்துல அவர் வீடு ட்ரோல்ட்ஹவ்கன், 1885ல கட்டினது. எழுதறதுக்கு ஏரிக்கரையில தனிக் குடில். உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர், நாற்காலி பத்தலைன்னு பீத்தோவன் சொனாட்டா புத்தகத்தைப் போட்டு உக்காருவார்.

கொஞ்சம் கை பழகினவங்க ஓபஸ் 72 எடுங்க. ஹார்டாங்கர் பிடில்ங்கிற நார்வே கிராமிய வயலின் கலைஞர் க்னூட் டாலே வாசிச்சதை இசையமைப்பாளர் ஹால்வோர்சன் எழுதிவைக்க, கிரீக் பியானோவுக்கு மாத்தின 17 கிராமிய ஆட்டங்கள். அந்தப் பிடில்ல வாசிக்கிற தந்திக்கு அடியில கூட ஒலிக்கிற தந்திகள் உண்டு. அந்த உரசல்தான் இங்க கார்டுல முள்ளு முள்ளாக் கேக்குது. தப்பு நோட்னு நினைச்சுத் திருத்திடாதீங்க. 8ம் எண், கல்யாண மார்ச், அதுலேர்ந்து ஆரம்பிக்கலாம். அலங்காரச் சுரங்களையெல்லாம் நீக்கிட்டு வெறும் தாளத்தை மட்டும் ஒரு வாரம் வாசிங்க, அது நின்னப்புறம் ஒவ்வொண்ணாத் திரும்பச் சேருங்க.