கமிஷன் உயர்ந்தால் விற்பவர் என்ன செய்வார்?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

இணைய ஏலத் தளங்களில் பொருள் விற்றுப் பிழைப்பவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தளம் தன் கட்டணத்தை உயர்த்தும்போது கோபக் கடிதங்கள் பறக்கின்றன, புறக்கணிப்பு அறிவிப்புகள் வருகின்றன, அவையெல்லாம் செய்தியாகின்றன. செய்தியாகாத விளைவு ஒன்று உண்டு. விலை குறைந்த பழைய பொருள்கள் ஒவ்வொன்றாக ஏலப் பட்டியலிலிருந்து காணாமல் போகின்றன. எனக்குக் கவலை தருவது அதுதான்.

பியர் ஒமிடியார் 1995 செப்டம்பரில் தொடங்கி, பின்னாளில் ஈபே என்று பெயர் பெற்ற தளம், முதலில் யாரிடமும் காசு வாங்கவில்லை. 1996-ல் அவருடைய இணைய இணைப்புக் கட்டணம் மாதம் 250 டாலராக ஏறியது. அதை ஈடுகட்டவே விற்ற தொகையில் சிறு பங்கு கேட்டார். வசூலிக்க ஆள் கிடையாது. விற்றவர்களே கணக்குப் போட்டுத் தபாலில் அனுப்பினார்கள். காசோலைகளோடு, அட்டையில் ஒட்டிய சில்லறை நாணயங்களும் வந்தன. உறைகளைப் பிரிப்பதற்கே ஒருவரை வேலைக்கு வைக்க வேண்டியிருந்தது. விற்பவர்கள் கட்டணத்துக்கே எதிரிகள் என்று நினைப்பவர்கள் அந்த உறைகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்றைய கணக்குக்கு வருவோம். ஒரு பழைய பீங்கான் கோப்பை 8 டாலருக்கு ஏலம் போகிறது, தபால் செலவு 4 டாலர். மாதச் சந்தா கட்டித் தளத்தில் கடை வைக்காத ஒருவர் விற்றால், அமெரிக்க ஈபேயில் 2025 பிப்ரவரியிலிருந்து பெரும்பாலான பிரிவுகளில் கமிஷன் 13.6 சதவீதம். 10 டாலரைத் தாண்டும் ஒவ்வோர் ஆர்டருக்கும் அதோடு 40 சென்ட். சதவீதத்தைத் தபால் செலவையும் சேர்த்து 12 டாலருக்குக் கணக்கிடுகிறார்கள். மொத்தம் 2 டாலர் 3 சென்ட் போகிறது. வாங்குபவர் செலுத்தும் விற்பனை வரியும் இந்தக் கணக்கில் சேரும். அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் கோப்பையின் விலையில் கால் பங்கு போய்விட்டது. அதே தபால் செலவில் 200 டாலர் பொருளை விற்பவருக்கு ஏழில் ஒரு பங்குதான் போகிறது. அட்டைப்பெட்டிக்கும் படம் எடுத்த நேரத்துக்கும் இருவரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் செலவழிக்கிறார்கள். கோப்பைக்காரர் அடுத்த கோப்பையைப் போடுவாரா?

விலையை ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். கடைக்காரர் ஏற்றலாம். ஏலத்தில் விடுபவரால் முடியாது, அங்கே விலையைத் தீர்மானிப்பவர்கள் ஏலம் கேட்பவர்கள். தளம் இரண்டு சதவீதம் கூட்டியது என்பதற்காக யாரும் இரண்டு சதவீதம் கூட்டிக் கேட்கப்போவதில்லை. ஏலக்காரர் கையில் மிஞ்சுவது மூன்றே பிடிகள்: தொடக்க விலை, தபால் செலவு, ஏலத்துக்கு விடுவதா வேண்டாமா என்ற முடிவு. எந்தக் கட்டணம் ஏறினாலும் இந்த மூன்றில் ஒன்று அசையும்.

தொடக்க விலையைப் பாருங்கள். முன்பு ஈபேயில் ஒரு பொருளைப் பட்டியலில் போடுவதற்கே கட்டணம் உண்டு. பொருள் விற்காவிட்டாலும் அந்தக் காசு திரும்ப வராது. தொடக்க விலையைப் பொறுத்து அது படிப்படியாக ஏறும்: 99 சென்ட் வரை ஒரு படி, 9 டாலர் 99 சென்ட் வரை அடுத்தது, 24.99 வரை அதற்கடுத்தது. ஆகவே 12 டாலரில் தொடங்க விரும்பியவர்கூட 9.99-க்கு இறங்குவார். கேட்க ஆள் வராத வாரத்தில் அந்தப் பத்து டாலருக்கே பொருள் போய்விடும். சில சென்ட் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப்போய் சில டாலரை இழப்பது அன்றாட நிகழ்ச்சி.

தபால் செலவின் கதை இன்னும் சுவையானது. கமிஷன் ஏலத்தொகைக்கு மட்டும்தான் என்று இருந்த காலத்தில், பொருளை ஒரு சென்ட்டுக்கு விட்டு, தபால் செலவு 15 டாலர் என்று போட்டவர்கள் இருந்தார்கள். கமிஷன் ஏறக்குறைய பூஜ்யம். இதில் இன்னொரு லாபமும் இருந்தது. ஹொசைன், மார்கன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஈபேயில் இசைத்தட்டுகளையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் ஏலம் விட்டுச் சோதித்தார்கள். தொடக்க விலை குறைவு, தபால் செலவு அதிகம் என்று வைத்த ஏலங்களில் பெரும்பாலும் மொத்த வரவு கூடியது. கேட்பவர்கள் தபால் செலவைச் சரியாகக் கவனிப்பதில்லை. ஈபே 2011-ல் அமெரிக்காவில் தபால் செலவுக்கும் கமிஷன் போட்டு இந்த வழியை அடைத்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தபால் நிலையத்தில் செலுத்திய தொகையைச் சென்ட் மாறாமல் கேட்ட நேர்மையான விற்பனையாளரும் அன்றிலிருந்து தன் கைக்கே வராத பணத்துக்குக் கமிஷன் கட்டுகிறார்.

இனி, புறக்கணிப்புகள். 2005 தொடக்கத்தில் ஈபே, கடை வைத்திருப்போரின் அடிப்படைச் சந்தாவை மாதம் 9.95 டாலரிலிருந்து 15.95 டாலராக உயர்த்துவதாக அறிவித்தது. எதிர்ப்பு பெரிதாகவே, வட அமெரிக்கப் பிரிவின் தலைவர் பில் காப் விற்பனையாளர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒரு டாலருக்குக் கீழ் தொடங்கும் ஏலங்களின் பட்டியல் கட்டணம் 30 சென்ட்டிலிருந்து 25 ஆகக் குறைந்தது. சந்தா உயர்வு மட்டும் அப்படியே நீடித்தது. 2008-ல் பட்டியல் கட்டணத்தைக் குறைத்து, முதல் 25 டாலருக்கான கமிஷனை 5.25 சதவீதத்திலிருந்து 8.75 ஆக்கினார்கள். நிறையப் போட்டுக் கொஞ்சம் விற்பவருக்கு இது லாபம்; அளந்து போட்டு எல்லாவற்றையும் விற்பவருக்கு நட்டம். பிப்ரவரி 18 முதல் ஒரு வாரம் புறக்கணிப்பு நடந்தது. கட்டணம் இறங்கவில்லை.

காரணம் ஏலத்தின் இயல்பிலேயே இருக்கிறது. பத்துப் பேர் விற்ற இடத்தில் ஐந்து பேர் ஒதுங்கினால், வாங்க வந்தவர்கள் மிச்ச ஐந்து ஏலங்களில் போட்டியிடுவார்கள், விலை ஏறும். ஒதுங்கியவரின் தியாகம் ஒதுங்காதவரின் வருமானமாகிறது. இத்தனை தெரிந்தும் ஒரு வார வருமானத்தை விட்டுக்கொடுத்தவர்களை நான் மதிக்கிறேன்.

சீனாவில் வேறு விதமாக நடந்தது. தாவ்பாவ் தளம் 2006 மே மாதத்தில், பணம் கொடுப்பவரின் பொருளை மேலே காட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தது. விற்பவர்கள் கொதித்தார்கள், தளம் வாக்கெடுப்பு நடத்தித் தோற்று, ஜூனில் திட்டத்தைக் கைவிட்டது. அங்கே அப்போது கட்டணம் கேட்காத போட்டித் தளங்கள் இருந்தன. போக இடம் இருந்தவர்களின் மிரட்டல் பலித்தது. 2011 அக்டோபரில் அதே நிறுவனத்தின் தாவ்பாவ் மால், ஆண்டுக் கட்டணத்தை 6,000 யுவானிலிருந்து 30,000 அல்லது 60,000 என்று உயர்த்தியபோது, சிறு வணிகர்கள் பெரிய கடைகளில் கும்பலாக ஆர்டர் கொடுத்துத் திருப்பி அனுப்பி அவற்றை முடக்கினார்கள். நிறுவனம் ஓரளவு இறங்கிவந்தது. அந்த வெற்றியை என்னால் பாராட்ட முடியவில்லை. அடிபட்டவர்களும் விற்பவர்களே.

அமெரிக்காவில் யாஹூ ஏலத் தளம் 2001 ஜனவரியில் முதன்முறையாகப் பட்டியல் கட்டணம் கேட்டதும், பட்டியல் சடசடவென்று சரிந்தது. 2005-ல் மறுபடி இலவசமாக்கியும் போனவர்கள் திரும்பவில்லை, 2007-ல் மூடிவிட்டார்கள். வாங்குபவர்கள் திரண்டிருந்த ஈபேயில் புலம்பிக்கொண்டே இருந்துவிட்டவர்கள், யாஹூவிலிருந்து ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பினார்கள்.

ஆகவே, உங்கள் தளத்திலிருந்து கட்டண அறிவிப்பு வந்தால் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். எந்தத் தொகைக்குப் போடுகிறார்கள், ஓர் ஆர்டருக்கு நிலையான தொகை எவ்வளவு என்று பாருங்கள். கடந்த சில மாத விற்பனையில் மலிவான பொருள்களைத் தனியே பிரித்து, கையில் நின்றதை எழுதுங்கள். தனித்தனியாக விற்றால் கட்டுப்படியாகாத கோப்பைகளை நான்கு சேர்த்து ஒரே ஏலமாக விடலாம். நிலையான தொகை ஒருமுறைதான் விழும், தபாலும் மிச்சம். பொட்டலத்துக்குள் சீட்டு வைத்து வாடிக்கையாளரைத் தளத்துக்கு வெளியே அழைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதனால் கணக்கையே இழக்க நேரலாம்.

விற்பவரிடம் கேட்பதை விட்டு வாங்குபவரிடம் கேட்கும் முயற்சியும் நடக்கிறது. ஈபே ஜெர்மனியில் 2023-லும், பிரிட்டனில் 2024-லும் தனிநபர் விற்பனைக்குக் கமிஷனை நீக்கியது. பிரிட்டனில் 2025 முதல் வாங்குபவர் செலுத்தும் விலையிலேயே ஒரு கட்டணம் சேர்கிறது. பழைய பொருள்களை விற்கும் மெர்காரி, 2024 மார்ச்சில் அமெரிக்காவில் விற்பவர் கட்டணத்தை அடியோடு நீக்கி வாங்குபவர்மீது வைத்தது. ஓராண்டு நிறைவதற்குள், 2025 ஜனவரியில், விற்பவரிடம் 10 சதவீதம் கேட்கத் திரும்பிவிட்டது.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், செவிமடுத்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.