குணமான பிறகு வீட்டில் கேட்கும் குரல்

வணக்கம். இந்த அரங்கில் இருப்பவர்களில் பலர், மனச்சோர்வோ, மனம் அளவு மீறி எழுவதும் சோர்ந்து விழுவதுமாக மாறி மாறி வரும் பைபோலாரோ உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் என்று சொன்னார்கள். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோய்களைக் குடும்பம் உண்டாக்குவதில்லை. பரம்பரை, உடல், வாழ்க்கையில் விழுந்த அடிகள் என்று பல சேர்ந்து வருபவை இவை. நான் இன்று பேச வந்தது, ஓரளவு குணமானவருக்கு நோய் மறுபடி திரும்புவதில் வீட்டுக்கு என்ன பங்கு என்பதைப் பற்றி மட்டும்தான்.

1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் உடன் இருந்தவர்களும், மனநல மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன ஆண்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தொடர்ந்து கவனித்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறையிலோ உடன்பிறந்தவர் வீட்டிலோ தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள். நெருங்கிய உறவிடம் போனவர் ஏன் சரிகிறார்? இந்தக் கேள்விக்கு விடை தேடி, குடும்பத்தாரைத் தனியாக உட்காரவைத்துப் பேசச் சொல்லி, அதைப் பதிவு செய்து, அதில் எவ்வளவு குறை கூறல் இருக்கிறது என்று ஆராயும் ஒரு முறை உருவானது.

அந்தப் பேட்டியில் சொற்களை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை, குரலையும் எடுக்கிறார்கள். "காலையில் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறான்" என்பதை ஒருவர் கவலையோடு சொல்லலாம். அதே வாக்கியத்தை இன்னொருவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லலாம். முதலாவது குறை கூறலில் சேராது, இரண்டாவது சேரும். படுத்திருப்பவருக்கும் அந்த வேறுபாடு நன்றாகவே கேட்கிறது.

ஆரம்ப ஆய்வுகள் பெரும்பாலும் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயைப் பற்றியவை. 1976-இல் கிறிஸ்டின் வாஹனும் ஜூலியன் லெஃபும் மனச்சோர்வு உள்ளவர்களையும் சேர்த்துப் பார்த்தபோது, இவர்களைச் சாய்க்க இன்னும் குறைவான குறை கூறலே போதும் என்று தெரிந்தது. 1986-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜில் ஹூலியின் குழு, மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 39 பேரின் கணவன் அல்லது மனைவியிடம் பேசிவிட்டு, ஒன்பது மாதம் காத்திருந்து பார்த்தது. அதிகம் குறை கூறும் துணையுடன் இருந்தவர்களில் 59 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. மற்றவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. சின்ன ஆய்வுதான், எல்லா ஆய்விலும் எண்கள் இவ்வளவு கூர்மையாக வருவதில்லை. ஆனால் 1998-இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும், மனச்சோர்வு, பைபோலார் போன்ற மனநிலைக் கோளாறுகளில் இந்தத் தொடர்பு உறுதியாக நின்றது.

எனக்கு மிகவும் பிடித்தது 1989-இல் ஹூலியும் ஜான் டீஸ்டேலும் செய்தது. நீண்ட பேட்டி எதுவும் இல்லை. "உங்கள் துணை உங்களை எவ்வளவு குறை சொல்கிறார்? ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்" என்று நோயுற்றவரையே கேட்டார்கள். அந்த ஒற்றைப் பதிலே, யாருக்கு நோய் திரும்பும் என்பதை முன்கூட்டிக் காட்டியது.

சரி, பாசம் இருக்கும் இடத்தில் இவ்வளவு குறை எங்கிருந்து வருகிறது? "நினைத்தால் அவனால் முடியும்" என்ற நம்பிக்கையிலிருந்துதான் அதிகமாக வருகிறது. அழுகையும் தற்கொலைப் பேச்சும் இருந்தபோது நோய் என்று யாருக்கும் புரிந்தது. அவை போன பிறகும் களைப்பு, நாட்டமின்மை, குளிக்கவே மனம் வராமை என்று கொஞ்சம் நோய் மிச்சம் இருக்கும். அது பார்வைக்குச் சோம்பல் மாதிரியே இருக்கும். "இப்போதுதான் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன?" என்று வீடு கேட்க ஆரம்பிப்பது அப்போதுதான். கேட்கக் கேட்க அவர் இன்னும் ஒடுங்குகிறார், அதைப் பார்த்து வீட்டுக்கு எரிச்சல் கூடுகிறது. இந்தச் சுற்றில் ஒருவரை மட்டும் குற்றவாளியாக்க என்னால் முடியாது. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டுப் பார்த்துக்கொண்டவரின் குரல் கடுகடுப்பதில் வியப்பு என்ன இருக்கிறது?

அளவு மீறிய பராமரிப்பையும் இதே பேட்டியில் கவனிக்கிறார்கள். அவர் நியாயமாகவே கோபப்பட்டாலும் "மாத்திரை போட்டாயா?" என்று கேட்பது, சிரித்துப் பேசினால் உடனே பயப்படுவது எல்லாம் இதில் அடங்கும். தன் உணர்ச்சி ஒவ்வொன்றும் நோயாகவே எண்ணப்படும் வீட்டில் ஒருவர் எப்படி மூச்சு விடுவார்?

இவையெல்லாம் மாறக்கூடியவை. உளவியலாளர் டேவிட் மிக்லோவிட்ஸ் பைபோலாருக்காக உருவாக்கிய குடும்பச் சிகிச்சையில், மருந்தோடு சேர்த்து, ஒன்பது மாதத்தில் 21 அமர்வுகள். முதலில் நோயைப் பற்றிக் குடும்பம் முழுவதும் கற்கிறது, அப்புறம் பேசும் விதத்தைப் பழகுகிறது, பிறகு சிக்கல்களைச் சேர்ந்து தீர்க்கிறது. 2003-இல் வெளியான ஆய்வில் இரண்டு ஆண்டுகளில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 35 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. சுருக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் அது 54 சதவீதம்.

பேசப் பழகுவது என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று நினைக்க வேண்டாம். "எப்போது பார்த்தாலும் உனக்குப் பொறுப்பே இல்லை" என்றால் ஆளையே தாக்குகிறோம். "நேற்று ராத்திரி போனை எடுக்கவில்லை, பயந்துபோனேன். தாமதமானால் ஒரு செய்தி அனுப்பிவிடு" என்றால் நடந்த ஒரு செயலைச் சொல்லி, வேண்டியதைக் கேட்கிறோம். அவரால் செய்ய முடிகிற ஒன்றாகவும் அது இருக்கிறது.

அதேபோல, அவர் நன்றாக இருக்கும் நாளிலேயே உட்கார்ந்து ஓர் ஏற்பாட்டை எழுதி வையுங்கள். பைபோலாரில் தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல் இருப்பது முக்கியமான முன்னறிகுறி. அது தெரிந்தால் மருத்துவருக்கு யார் போன் செய்வது, கண்டபடி செலவாகாமல் இருக்க வங்கி அட்டையைச் சில நாள் யாரிடம் கொடுப்பது, அப்போது எந்தச் சொற்களில் தன்னிடம் பேச வேண்டும் என்பதையெல்லாம் அவரே சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் மட்டும் எந்த ஏற்பாட்டுக்கும் காத்திருக்காமல், தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.