அக்கரை பச்சை

நேயர்களுக்கு வணக்கம்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றியிருக்கும் பே ஏரியாவுக்கு இன்னொரு தொழில்முறை பேஸ்பால் அணி வேண்டுமா, வேண்டாமா? இதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நடுவர் இல்லை, கட்சிக்காரன். இருபது வருடமாக வளைகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் ஃப்ரீமாண்டில் குடியிருக்கிறேன். எங்கள் வீட்டு வாசல் பக்கம் ஆணியில் தொங்கும் தொப்பியின் நிறம் பச்சை. இது தெரிந்தே கேளுங்கள்.

2004இல் நான் இங்கே வந்தபோது பேஸ்பாலில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஸ்டம்ப் எங்கே என்று தேடிய ஆள். கற்றுக்கொடுத்தது வானொலிதான். சாயங்காலம் 880 நெடுஞ்சாலையில் வண்டிகள் எறும்பாக ஊரும். அந்த நேரத்தில் பில் கிங் என்பவரின் குரல் வரும். 1981 முதல் எங்கள் கரையின் ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் அணியின் ஆட்டங்களை வானொலியில் சொல்லிவந்தவர் அவர். அணியைச் செல்லமாக ஏஸ் என்பார்கள். திடீரென்று ஏதாவது நடந்தால் அவர் ‘ஹோலி டொலீடோ!’ என்று கத்துவார். நம் ஊரில் ‘அட சாமி!’ என்போமே, அந்த மாதிரி. 2005 அக்டோபரில் அவர் காலமானார். நான் கேட்டது இரண்டு சீசன்கூட முழுதாக இருக்காது. அதற்குள் ஏஸ் ஆளாகிவிட்டேன். யோசித்துத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்ல முடியாது. வீட்டுக்குப் பக்கத்தில் எந்த அணி இருந்ததோ, அந்த அணி.

வளைகுடாவின் மறுபக்கம் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ். அவர்கள் நிறம் கறுப்பும் ஆரஞ்சும். ஏஸ் நிறம் பச்சையும் மஞ்சளும். இக்கரைக்கு அக்கரை பச்சை என்ற பழமொழி சான் பிரான்சிஸ்கோவில் நின்று பார்ப்பவர்களுக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தியது. 1968இலிருந்து 2024 வரைக்கும்.

இந்த இரண்டு கரைச் சண்டை பெரிய அணிகள் வருவதற்கு முன்பே இருந்தது. பசிபிக் கோஸ்ட் லீக் என்ற போட்டியில் அந்தப் பக்கம் சீல்ஸ், இந்தப் பக்கம் ஓக்ஸ். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் ஓர் ஆட்டம் இந்தக் கரையில், மத்தியானம் இன்னோர் ஆட்டம் அந்தக் கரையில் என்று வைப்பார்களாம். பாலம் கட்டுவதற்கு முந்தைய காலம் அது. ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் படகு ஏறித்தான் போக வேண்டும். காலையில் தோற்றவனும் ஜெயித்தவனும் மத்தியானம் ஒரே தண்ணீரைக் கடந்து போயிருக்கிறார்கள். இன்றைக்கு விமானத்தில் தனித்தனியாகப் பறக்கும் அணிகளுக்கு அந்த வாய்ப்பு ஏது?

1955 சீசன் முடிந்ததும் ஓக்ஸ் அணி வான்கூவருக்குப் போய்விட்டது. எமரிவில்லில் அவர்கள் மைதானம் இருந்த இடத்தில் இப்போது பிக்ஸார் நிறுவனத்தின் வளாகம். 1958இல் நியூயார்க்கிலிருந்து ஜயண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தது. 1968இல் கன்சாஸ் சிட்டியிலிருந்து ஏஸ் ஓக்லாந்துக்கு வந்தது. பிலடெல்பியாவில் பிறந்த அணி அது, ஏற்கெனவே ஒரு முறை வீடு மாறிய அணி. இதைக் கவனித்திருந்தால் 2024இல் அது ஓக்லாந்தையும் விட்டுப் போனபோது எங்களுக்கு அவ்வளவு அதிர்ச்சி வந்திருக்காதோ என்னவோ.

பேஸ்பாலின் இறுதிக் கோப்பைக்கான உலகத் தொடரில் இரண்டு கரையும் மோதியது ஒரே ஒரு முறை, 1989இல். முதல் இரண்டு ஆட்டத்தையும் ஓக்லாந்து ஜெயித்துவிட்டது. மூன்றாவது, அக்டோபர் 17 அன்று, சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில். ஐந்தரை மணிக்கு ஆட்டம் தொடங்க வேண்டும். 5.04க்குப் பூமி ஆடியது. நிலநடுக்கத்தின் அளவு 6.9. பே பிரிட்ஜின் ஒரு துண்டு கீழே விழுந்தது. மேற்கு ஓக்லாந்தில் சைப்ரஸ் மேம்பாலம் இடிந்து அங்கே மட்டும் 42 பேர் இறந்தார்கள். மொத்தம் 63 பேர். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர் சொல்வார்: ஆட்டம் பார்ப்பதற்காக அன்றைக்கு இரண்டு கரைக்காரர்களும் சீக்கிரமே வேலையிலிருந்து கிளம்பிவிட்டார்கள், வழக்கமான கூட்டம் ரோட்டில் இருந்திருந்தால் கணக்கே வேறு என்று. பேஸ்பால் ஆயிரம் பேர் உயிரைக் காப்பாற்றியது என்றெல்லாம் கதையை ஊதிச் சொல்வார்கள். ஆயிரமா என்று நான் கேட்பதில்லை. சாலை காலியாக இருந்தது உண்மை. பத்து நாள் கழித்து மறுபடி ஆடினார்கள். ஏஸ் நாலுக்குப் பூஜ்யம் என்று தொடரை முடித்தது. அந்தத் தொடருக்குப் பாதி ஆரஞ்சு, பாதி பச்சையாகத் தைத்த தொப்பிகள் விற்றன. இப்போதும் சில வீடுகளில் இருக்கின்றன.

இனி என் நண்பர் கதைக்கு வருகிறேன். ஊர் மதுரை, இங்கே வீடு ஃபாஸ்டர் சிட்டி. ஜயண்ட்ஸ் வெறியர். எங்களுக்குள் ஒரு பந்தயம் இருந்தது. வருடா வருடம் இரண்டு அணியும் மோதும்போது தோற்ற கட்சி, ஜெயித்தவன் குடும்பத்துக்கே சன்னிவேலில் பரோட்டா வாங்கித் தர வேண்டும். 2018இல் இந்தத் தொடருக்கென்று ஒரு கோப்பையே வைத்தார்கள், பழைய பே பிரிட்ஜிலிருந்து எடுத்த இரும்பில் செய்தது. ‘அந்தக் கோப்பையில சால்னா ஊத்திக் குடிக்கணும் மாப்ள’ என்பார் நண்பர். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தால் திறக்கவே மாட்டேன். என்ன இருக்கும் என்று தெரியும்.

உள்ளூர்ப் போட்டி என்று நான் சொல்வது இதைத்தான். ஜயண்ட்ஸுக்கு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். நியூயார்க் காலத்திலிருந்து நூறு வருடத்துக்கு மேல் நீளும் பகை, ஒத்துக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால் ஜயண்ட்ஸ் ரசிகர்களுக்கு நாங்கள் ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. அவர்கள் கண் எப்போதும் தெற்கே. ஆனால் டாட்ஜர்ஸ் ரசிகர் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். அவரைத் தொலைக்காட்சியில் திட்டலாம், அவ்வளவுதான். அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பவரைக் கலாய்ப்பது வேறு.

சரி, இப்படி இருந்த அணி ஏன் போனது? மைதானம் பழசு, சாக்கடை பொங்கியது, கூட்டம் வரவில்லை. 2022இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்தாயிரம் பேர்கூட வரவில்லை. எல்லாம் உண்மை. ஆனால் இதற்குப் பின்னால் ஒரு வரைபடம் இருக்கிறது. அதைப் பலர் பார்ப்பதில்லை.

பெரிய லீகில், அதாவது மேஜர் லீக் பேஸ்பாலில், ஒவ்வோர் அணிக்கும் எல்லை உண்டு. இன்ன மாவட்டம் இன்னாருக்கு என்று பாகம் பிரித்து வைத்திருக்கிறார்கள். நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் மூன்றிலும் இரண்டிரண்டு அணிகள், எல்லை பொது. பே ஏரியாவில் மட்டும் வேலி போட்டுப் பிரித்தார்கள். 1990 வாக்கில் ஜயண்ட்ஸ் தெற்கே போகப் பார்த்தது. அப்போதைய ஏஸ் உரிமையாளர் வால்டர் ஹாஸ், சான் ஹோசே இருக்கும் சாண்டா கிளாரா மாவட்டத்தை ஜயண்ட்ஸ் வைத்துக்கொள்ளட்டும் என்று சும்மாவே சம்மதித்தார். அங்கே மைதானம் கட்ட மக்கள் வாக்களிக்கவில்லை, ஜயண்ட்ஸ் போகவும் இல்லை. ஆனால் மாவட்டம் அவர்களிடமே நின்றுவிட்டது. பங்காளி கைமாற்றாக வாங்கிய நிலத்தைத் திருப்பித் தராத கதை நம் ஊரில் தெருவுக்கு ஒன்று இருக்கும்.

பின்னால் ஏஸ் சான் ஹோசேவுக்குப் போக ஆசைப்பட்டபோது அந்த வேலி குறுக்கே நின்றது. சான் ஹோசே நகராட்சி 2013இல் வழக்குப் போட்டது. 1922லேயே உச்ச நீதிமன்றம் பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. வழக்கு 2015இல் உச்ச நீதிமன்றத்தின் வாசலிலேயே முடிந்தது.

எங்கள் ஃப்ரீமாண்டும் இந்தக் கதையில் வருகிறது. 2006இல் இங்கே ஆட்டோ மால் பார்க்வே பக்கம் சிஸ்கோ ஃபீல்ட் என்று மைதானம் கட்டப்போவதாக அறிவித்தார்கள். ஏன் ஃப்ரீமாண்ட்? வரைபடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். ஏஸின் எல்லைக்குள் இருந்துகொண்டே சான் ஹோசேவை முடிந்தவரை நெருங்கி உட்காரக்கூடிய இடம் இதுதான். வேலியில் முதுகைச் சாய்த்து உட்காருவது மாதிரி. கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும் வண்டி நெரிசலைச் சொல்லி எதிர்த்தார்கள். 2009இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். அன்றைக்கு நான்கூட நெரிசல் கட்சியில்தான் இருந்தேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்.

2023 ஏப்ரலில் அணி லாஸ் வேகஸுக்குப் போகிறது என்று அறிவித்தார்கள். ஜூன் 13 அன்று ரசிகர்கள் செய்த காரியத்தை மட்டும் சொல்ல வேண்டும். ஆட்டத்துக்குப் போகாமல் எதிர்ப்புக் காட்டுவதுதான் உலக வழக்கம். இவர்கள் போய் நிரப்பினார்கள். 27,759 பேர். உரிமையாளரைப் பார்த்து ‘விற்றுவிடு’ என்று எழுதிய பச்சைச் சட்டைகள். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடக்கத்தில் முதல் ஆட்டக்காரர் பேட் பிடித்து நின்றபோது மொத்த மைதானமும் மௌனம். வலதுபக்கத்து மேடையில் எப்போதும் முழங்கும் தப்பட்டைகளும் நின்றுவிட்டன. அவர் ஆடி முடித்ததும் அத்தனை தொண்டையும் ஒன்றாகக் கத்தியது, ‘அணியை விற்றுவிடு’ என்று. அன்றைய ஆட்டத்தை 2-1 என்று ஏஸ் ஜெயித்ததை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2024 செப்டம்பர் 26, ஓக்லாந்தில் கடைசி ஆட்டம். 46,889 பேர். பார்ட் ரயில் நிலையத்திலிருந்து மைதானத்துக்குப் போகும் அந்த நீளமான கம்பிவலைப் பாலத்தில் எப்போதும் போல பன்றிக்கறி சுற்றிய ஹாட் டாக் புகை, வேர்க்கடலைப் பொட்டலம். என் மகளை ஆறு வயதிலிருந்து அந்தப் பாலத்தில்தான் கூட்டிப்போயிருக்கிறேன். புதன்கிழமைகளில் இரண்டு டாலர் டிக்கெட் இருந்த காலம் உண்டு. குடும்பமே போய் வந்தாலும் சினிமாவுக்கு ஆகும் செலவு ஆகாது. அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் காகிதக் கோப்பையில் மைதானத்து மண்ணை வாங்கிக்கொண்டு பலர் வெளியே வந்தார்கள். ஊர்க் கோயில் திருநீறு மாதிரி பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

இப்போது அந்த அணி, லாஸ் வேகஸ் மைதானம் தயாராகும் வரைக்கும், சாக்ரமென்டோ பக்கத்தில் சுமார் பதினாலாயிரம் பேர் கொள்ளும் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. பெயரில் ஊரே கிடையாது, வெறும் அத்லெட்டிக்ஸ். அதே மைதானத்தில் ஆடும் இன்னோர் அணி ஜயண்ட்ஸின் இளநிலை அணி. போயும் போயும் அங்கேயா!

இன்னோர் அணி வேண்டுமா என்றால், வேண்டும் என்பதுதான் என் பதில். பே ஏரியாவின் ஒன்பது மாவட்டங்களில் எழுபது லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிறோம். ஜயண்ட்ஸின் மைதானம் அழகு, நான் மறுக்கவில்லை. 2000இல் திறந்தது, பந்து தண்ணீரில் விழும், சிறுபடகில் காத்திருந்து பொறுக்குவார்கள். ஆனால் கிழக்குக் கரையில் ஓர் இரவுநேர ஆட்டத்துக்குப் பிள்ளைகளோடு போய்வர நினைக்கும் குடும்பத்துக்கு அது வருடத்துக்கு ஒரு முறை போகும் இடம். வாரத்தின் நடுவில் நினைத்தவுடன் கிளம்பும் இடம் அல்ல.

பெரிய லீக் நமக்குத் தருமா என்று கேட்டால் எனக்கு நம்பிக்கை இல்லை. 1998க்குப் பிறகு புதிய அணியே சேர்க்கவில்லை, முப்பதிலேயே நிற்கிறது. இன்னும் இரண்டு சேர்க்கலாம் என்ற பேச்சில் சால்ட் லேக் சிட்டி, நாஷ்வில் என்று பெயர்கள் அடிபடுகின்றன. நுழைவுக் கட்டணமே இருநூறு கோடி டாலருக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். அதற்கு மேல் மைதானச் செலவு. லாஸ் வேகஸ் மைதானத்துக்கு நெவாடா அரசு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தர ஒத்துக்கொண்டது. ஓக்லாந்து நகரம் அந்த மாதிரி அள்ளிக் கொடுக்கக் கூடாது என்பவன் நான். பள்ளிக்கூடக் கூரை ஒழுகும்போது மைதானத்துக்குப் பணமா? அணி வேண்டும், ஆனால் அந்த விலைக்கு வேண்டாம். முரண்பாடுதான், தெரியும்.

ஏஸ் ஆடிக் காலியான கொலீசியம் மைதானத்துக்கு 2025 ஜூனில் நம் ஆட்டம் வந்தது. மேஜர் லீக் கிரிக்கெட்டின் அந்த வருட முதல் ஆட்டம். சான் பிரான்சிஸ்கோ யூனிகார்ன்ஸ் அணிக்காக ஃபின் ஆலன் 51 பந்தில் 151 அடித்தார், அதில் 19 சிக்ஸர். அதற்கு முன் இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் ஒரே இன்னிங்ஸில் அவ்வளவு சிக்ஸர் அடித்ததில்லை. பந்து வருவதற்குள் அடுத்த தளத்துக்கு ஓடித் திருடுவதில் பெயர் பெற்ற எங்கள் ஏஸ் வீரர் ரிக்கி ஹெண்டர்சன் ஓடிய தரையில்! மகிழ்ச்சிதான். ஆனாலும் என் மகள் அன்றைக்கு ஒவ்வொரு சிக்ஸருக்கும் ‘இது ஹோம் ரன்’ என்றுதான் கத்தினாள்.

அப்புறம், மேற்கு ஓக்லாந்தில் ரைமண்டி பார்க் இருக்கிறது. சைப்ரஸ் மேம்பாலம் இடிந்த இடத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி. 2024 முதல் அங்கே ஓக்லாந்து பாலர்ஸ் என்ற அணி ஆடுகிறது. பெரிய லீகோடு சம்பந்தமில்லாத சின்னப் போட்டி, பயனியர் லீக். ரசிகர்களே பணம் போட்டுப் பங்கு வாங்கியிருக்கிறார்கள். உட்காரும் இடம் நாலாயிரம் சொச்சம். தப்பட்டைக்காரர்கள் அங்கே வந்துவிட்டார்கள். 2025இல் கோப்பையையும் ஜெயித்தார்கள்.

ஜெயித்த மறுநாள் ஃபாஸ்டர் சிட்டி நண்பரைக் கூப்பிட்டேன். ஏஸ் போனதிலிருந்து சும்மா கிடக்கும் பந்தயத்தை நினைவுபடுத்தி, ‘நாங்க சாம்பியன் மாப்ள’ என்றேன்.

‘யாரை ஜெயிச்சீங்க?’

‘ஐடஹோ ஃபால்ஸ்.’

‘அது எங்கப்பா இருக்கு?’

‘ஐடஹோவுலதான்.’

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. கணினியில் வரைபடம் தேடுகிறார் என்று தெரிந்தது.

‘சரி,’ என்றார். ‘அடுத்த வருஷம் நான் ஐடஹோ ஃபால்ஸ் கட்சி. அதே பரோட்டாதானே?’