ஆணியடிக்கப்பட்ட கையெழுத்து

அன்பான சகோதர சகோதரிகளே,

பெரிய வெள்ளியன்று தோல்வி, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று வெற்றி. நம்முடைய பிரசங்கங்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. வெள்ளிக்கிழமை அழுதுவிடுவோம், ஞாயிற்றுக்கிழமை மகிழ்ந்துகொள்வோம் என்று வைத்திருக்கிறோம். புதிய ஏற்பாடு அப்படிக் கணக்குப் போடவில்லை.

யோவான் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். பஸ்காவுக்குச் சில நாட்களே இருக்கின்றன. கிரேக்கர் சிலர் இயேசுவைக் காண வந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர் சொல்லுகிறார்: “இப்பொழுதே இந்த உலகத்துக்கு நியாயத்தீர்ப்பு உண்டாகிறது, இப்பொழுதே இந்த உலகத்தின் அதிபதி புறம்பாகத் தள்ளப்படுவான்.” இது 31-ஆம் வசனம். “இப்பொழுதே” என்ற சொல் இரண்டு தடவை வருகிறது. உலகத்தின் முடிவில் நடக்கும் என்று நாம் எதிர்பார்த்திருக்கும் காரியத்தை அவர் அந்த ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறார். அடுத்த வசனத்தில் தாம் பூமியிலிருந்து உயர்த்தப்படுவதைச் சொல்லுகிறார். அது எந்த உயர்வு என்று நமக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக, அவர் மரிக்கப்போகிற விதத்தையே அப்படிச் சொன்னார் என்று 33-ஆம் வசனத்தில் யோவான் விளக்கமும் எழுதிவிடுகிறார்.

ஆக, நியாயத்தீர்ப்பு நடக்கிற இடமும் சிலுவை, சத்துரு துரத்தப்படுகிற இடமும் சிலுவை. நியாயத்தீர்ப்பு நீதிமன்றத்துச் சொல். வெற்றி போர்க்களத்துச் சொல். இரண்டும் ஒரே மரத்தில் எப்படிப் பொருந்துகின்றன? இன்று நாம் பார்க்கவேண்டியது அதுதான்.

பழைய ஏற்பாட்டில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. முதல் பஸ்கா ராத்திரியைச் சொல்லும் யாத்திராகமம் 12-ஐப் பாருங்கள். நிலைக்கால்கள் இரண்டிலும் நிலையின் மேற்சட்டத்திலும் ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசவேண்டும், பூசுவதற்கு ஈசோப்புச் செடியின் கொழுந்து வேண்டும், விடியற்காலம்வரை ஒருவரும் வாசலைவிட்டுப் புறப்படக்கூடாது. இத்தனை நுணுக்கமான கட்டளைகளுக்கு நடுவில், 12-ஆம் வசனத்தில், எகிப்து தேவர்களின்மேல் நீதியைச் செலுத்துவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார். இஸ்ரவேலர் விடுதலையான ராத்திரியும் எகிப்தின் தேவர்கள் நியாயந்தீர்க்கப்பட்ட ராத்திரியும் ஒன்றே. இஸ்ரவேலர் வீடுகளிலும் அந்த ராத்திரி ஒரு சாவு விழுந்தது, ஆட்டுக்குட்டியின் சாவு. தீர்ப்பு எந்த வீட்டையும் சும்மா தாண்டிப்போகவில்லை. யோவான் இதை மறக்கவில்லை: சிலுவையில் காடியை நீட்டியபோது கடற்காளானை ஈசோப்புத்தண்டில் மாட்டினார்கள் என்று 19:29-ல் குறித்து வைத்திருக்கிறார்.

இனி, சத்துரு யார் என்று பார்ப்போம். “சாத்தான்” என்ற எபிரெயச் சொல்லுக்கு எதிராளி என்று பொருள். நீதிமன்றத்தில் அந்த எதிராளி குற்றஞ்சாட்டுகிறவனாக நிற்கிறான். சகரியா 3-ஆம் அதிகாரம் அந்தக் காட்சியை அப்படியே நம் முன் வைக்கிறது. பிரதான ஆசாரியனாகிய யோசுவா கர்த்தருடைய தூதனுக்கு முன்பாக நிற்கிறான். அவன் வலதுபக்கத்தில் சாத்தான், அவனுக்கு விரோதம் செய்ய. கவனியுங்கள், சாத்தான் பேசிய வார்த்தை ஒன்றுகூட அந்த அதிகாரத்தில் எழுதப்படவில்லை. யோசுவா உடுத்தியிருந்த அழுக்கு வஸ்திரமே போதுமான சாட்சி. நம்மில் பலர் தவறவிடுகிற இடம் இது. பிசாசு பொய்யன் என்று யோவான் 8:44 சொல்லுகிறது, மெய்தான். ஆனால் தேவனுடைய நியாயாசனத்துக்கு முன் அவனுக்குப் பலம் தருவது பொய் அல்ல. நம்முடைய மெய்யான பாவம்தான் அவனுக்குப் பலம். ஒருவன் உண்மையான பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழக்காடினால் அவனை அடித்துத் துரத்துவது நீதியாகாது. அப்படிச் செய்கிற நியாயாதிபதியின் பெயர்தான் கெடும்.

ஆகவே அவனை வெல்ல ஒரே வழி, அவன் கையிலுள்ள பத்திரத்தை நியாயமாகவே இல்லாமற்செய்வது. கொலோசெயர் 2:14 இதைத்தான் சொல்லுகிறது: “நமக்கு எதிரிடையாகவும் கட்டளைகளால் நமக்கு விரோதமாகவும் இருந்த கையெழுத்தைக் குலைத்து, அதை நடுவில் இராதபடிக்கு எடுத்து, சிலுவையின்மேல் ஆணியடித்து.”

“கையெழுத்து” என்று மொழிபெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல் “கெய்ரோகிராபோன்”. நாம் காசோலையில் போடுகிற கையொப்பம் என்று அதை நினைத்துவிடக்கூடாது. கடன் வாங்கினவன் தன் கைப்பட எழுதிக் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைக்கும் கடன்முறி அது. எகிப்தின் வறண்ட மணலில் புதைந்து கிடந்த நாணற்புல் தாள்களில் இவை ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இன்னார், இன்னாரிடம், இவ்வளவு தொகை வாங்கினேன், இந்த மாதத்தில் திருப்பித் தருவேன். தவறினால் ஒன்றரை மடங்காகக் கட்டுவேன் என்ற நிபந்தனையும் பல முறிகளில் உண்டு. எழுதத் தெரியாதவனுக்காக வேறொருவர் எழுதினால் அதையும் முறியிலேயே குறிப்பிடுவார்கள். அதாவது, இது எதிரி கட்டிவிட்ட வழக்கு அல்ல. கடன்பட்டவன் தானே ஒத்துக்கொண்டு எழுதிக்கொடுத்தது. நம் மனச்சாட்சி நமக்கு எதிராக எழுதிவைத்திருப்பதும் அந்த மாதிரிதான்.

கடன் தீர்ந்தால் அந்த முறியின் குறுக்கே பெருக்கல் குறி போலக் கோடு கிழிப்பது அக்காலத்து வழக்கம். கோட்டுக்கு அடியில் எழுத்து அப்படியே தெரியும். பவுல் கோடு கிழிக்கும் சொல்லை எடுக்கவில்லை. “குலைத்து” என்ற இடத்தில் அவர் எழுதியது துடைத்தழித்தல் என்ற சொல். அக்காலத்து மை விளக்குக்கரியையும் பிசினையும் தண்ணீரில் குழைத்துச் செய்தது. அது தாளுக்குள் ஊறிப் பிடிக்காது. ஈரக் கடற்பஞ்சால் துடைத்தால் எழுத்து போய்விடும், தாளை மறுபடி பயன்படுத்தலாம். கோடு கிழித்த முறியை எவனாவது எடுத்துப்போய் “பார், இவன் ஒரு காலத்தில் கடன்காரன்” என்று காட்டமுடியும். துடைத்த தாளில் காட்ட ஒன்றுமில்லை.

துடைத்த தாளுக்கு ஆணி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். பவுல் உவமையை ஒரே கோட்டில் நடத்தவில்லை. துடைத்தார், நடுவிலிருந்து எடுத்தார், ஆணியடித்தார் என்று மூன்று வினைகளை அடுக்குகிறார். மூன்றாவது வினைக்குப் பின்னால் கொல்கொதாவின் ஒரு காட்சி இருக்கிறது. சிலுவையில் அறையப்பட்டவனுடைய குற்றத்தை எழுதிச் சிலுவையில் வைத்தார்கள் அல்லவா? எபிரெயு, கிரேக்கு, லத்தீன் என்ற மூன்று பாஷைகளில் அது எழுதப்பட்டிருந்தது என்று யோவான் 19:20 சொல்லுகிறது. பிலாத்து வைத்தது ஒரு பலகை. அதே இடத்தில் தேவன் வேறொரு குற்றப்பத்திரத்தை அறைந்தார் என்கிறார் பவுல். பலகையில் இருந்தது இயேசுவின் பெயர், பத்திரத்தில் இருந்தது நம்முடைய கணக்கு.

கடனைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் என்ன? அப்படி விட்டிருந்தால் குற்றஞ்சாட்டுகிறவன் வாயை அடைக்க முடியாது. “நீதியுள்ளவர் என்கிறீரே, பாவத்தைப் பார்த்தும் பாராமல் விடுகிறீரே” என்று தேவனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவான். ரோமர் 3:25-26-ல் பவுல் இதை மறைக்காமல் எடுத்துப் பேசுகிறார். முற்காலத்துப் பாவங்களைத் தேவன் பொறுத்திருந்தார்; அந்தப் பொறுமையே கேள்விக்குள்ளானது; சிலுவையில் தாம் நீதியுள்ளவராகவும் விசுவாசிக்கிறவனை நீதிமானாக்குகிறவராகவும் விளங்கினார். ரோமர் 8:3 இன்னும் நேராகச் சொல்லுகிறது: பாவத்தை மாம்சத்திலே ஆக்கினைக்குள்ளாகத் தீர்த்தார். தீர்ப்பு தள்ளிவைக்கப்படவில்லை, நிறைவேற்றப்பட்டது. பத்திரம் செல்லாமற்போனது அதனால்தான்.

இங்கேதான் பிதாவைக் கோபக்காரராகவும் குமாரனை நடுவே விழுந்து தடுக்கிறவராகவும் சித்திரித்துக் கெடுத்துவிடுகிறோம். 2 கொரிந்தியர் 5:19 அந்தச் சித்திரத்துக்கு இடம் கொடுப்பதில்லை. தேவனே கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார். தீர்ப்பைச் சொன்னவரும் அதைச் சுமந்தவரும் ஒரே தேவன். இன்னொரு தவறு பழங்காலத்தது: மீட்கும்பொருள் பிசாசுக்குக் கொடுக்கப்பட்டது என்பது. 4-ஆம் நூற்றாண்டுச் சபைப் போதகர் நிசாவின் கிரெகோரி, தூண்டில் முள்ளை மறைத்த இரைபோல கிறிஸ்துவின் மாம்சம் பிசாசை ஏமாற்றியது என்று எழுதினார். அதே நூற்றாண்டில் நாசியான்சின் கிரெகோரி, கொள்ளைக்காரனுக்கா மீட்கும்பொருள் என்று அந்த எண்ணத்தையே தள்ளிவிட்டார். அவர் செய்ததே சரி. குற்றஞ்சாட்டுகிறவன் கடன் கொடுத்தவன் அல்ல. அவனுக்கு ஒரு காசும் பாக்கி இல்லை.

இப்போது கொலோசெயர் 2-ன் 15-ஆம் வசனம். “துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் உரிந்துகொண்டு, வெளியரங்கமான கோலமாக்கி, அவைகளின்மேல் சிலுவையிலே வெற்றிசிறந்தார்.” துரைத்தனங்களும் அதிகாரங்களும் என்றால் நம்மை எதிர்க்கிற ஆவிக்குரிய வல்லமைகள். இந்தக் “கோலம்” அலங்கோலம் என்ற சொல்லில் வருகிற கோலம். ஊரார் முன் ஒருவனை அம்பலப்படுத்தி நிறுத்துவது. “வெற்றிசிறந்தார்” என்பதற்கு மூலத்தில் உள்ள சொல் ரோமரின் வெற்றி ஊர்வலத்துக்குரியது. புதிய ஏற்பாட்டில் இங்கும் 2 கொரிந்தியர் 2:14-லும் மட்டுமே வருகிறது. நான்கு குதிரை பூட்டிய இரதத்தில் ஊதா அங்கியும் லாரல் இலைக் கிரீடமும் அணிந்து சேனாதிபதி வருவான். அவனுக்கு முன்னே கொள்ளைப்பொருளும் சங்கிலியிட்ட சிறைக்கைதிகளும். ஊர்வலம் கப்பிட்டோல் குன்றில் யூப்பித்தர் கோவிலில் முடியும். தோற்ற தலைவனைப் பல சமயம் அன்றே கொன்றுவிடுவார்கள். பவுலுக்குப் பின், கி.பி. 71-ல், எருசலேமை அழித்த வெற்றியை ரோமப் பேரரசன் வெஸ்பாசியனும் அவன் மகன் தீத்துவும் இப்படித்தான் கொண்டாடினார்கள். ஆலயத்தின் பொன் குத்துவிளக்கைத் தூக்கிவரும் காட்சி ரோமில் தீத்துவின் வளைவில் இன்றும் செதுக்கிக் கிடக்கிறது.

அந்த ஊர்வலத்தை மனதில் வைத்துக்கொண்டு மாற்கு 15-ஐ வாசியுங்கள். போர்ச்சேவகர் கூட்டம் முழுவதையும் கூப்பிடுகிறார்கள். சிவப்பு அங்கி, முள்முடி, “வாழ்க” என்ற முழக்கம், பிறகு வெளியே நடத்திக்கொண்டுபோகுதல். சேவகர் பரியாசத்துக்கு ஒரு வெற்றி ஊர்வலம் நடத்தினார்கள். அதை மெய்யான ஊர்வலம் என்று வாசிக்கிறார் பவுல். வஸ்திரத்தை உரிந்து நான்கு பங்காக்கினார்கள், தையலில்லாத அங்கிக்குச் சீட்டுப்போட்டார்கள். உரியப்பட்டவர்கள் துரைத்தனங்கள் என்கிறார்.

அன்றைய நாளில் யார் யாரை நியாயந்தீர்த்தார்கள் என்றும் பாருங்கள். பிலாத்து கபத்தா என்னும் மேடையில் நியாயாசனத்தில் உட்காருகிறான். “இவனிடத்தில் ஒரு குற்றமும் காணேன்” என்ற கருத்தை யோவான் 18:38, 19:4, 19:6 என்று மூன்று தடவை சொல்லிவிட்டு மரணத்துக்கு ஒப்புக்கொடுக்கிறான். தீர்ப்பு யார்மேல் விழுந்தது? பிரதான ஆசாரியர், “இராயனேயல்லாமல் எங்களுக்கு வேறே ராஜா இல்லை” என்கிறார்கள், அதுவும் பார்வோனிடமிருந்து விடுதலையானதைக் கொண்டாடும் பண்டிகையில். சீஷர்கள் ஓடிப்போனார்கள். இதை யூத இனத்தின் குற்றமாக்கிப் பேசுவது வசனத்துக்கு எதிரானது. “இந்த உலகத்துக்கு” நியாயத்தீர்ப்பு என்றார் இயேசு. ரோம அதிகாரியும் ஆலயத் தலைவரும் சொந்தச் சீஷரும் அதில் அடக்கம். வலதிலும் இடதிலும் இரண்டு கள்ளர். கவனித்தால் சிலுவையே ஒரு நியாயாசனமாக இருந்தது என்றார் அகுஸ்தீன்: நடுவில் நியாயாதிபதி, விசுவாசித்தவன் விடுதலையானான், நிந்தித்தவன் ஆக்கினைக்குள்ளானான். விடுதலையானவன் முதலில் செய்தது என்ன? “நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்” என்று தன் பத்திரத்தைத் தானே வாசித்தான்.

ஒரு காரியத்தை இடையில் சொல்லிவிடுகிறேன். சிலுவையில் இயேசு சொன்ன “முடிந்தது” என்ற கிரேக்கச் சொல் அக்காலத்து ரசீதுகளில் “கடன் முழுதும் தீர்ந்தது” என்று எழுதப்பட்ட சொல் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. அதை விட்டுவிடுவது நல்லது. எகிப்திய சுங்கச்சீட்டுகளில் இருப்பது “தெத்தெல்” என்ற சுருக்கம். அது சுங்கம் கட்டியதைக் குறிக்கும் வேறொரு வினைச்சொல்லின் சுருக்கம். யோவான் 19:28-ஐ வாசித்தாலே போதும், வேதவாக்கியம் நிறைவேறியதைப்பற்றித்தான் அங்கே பேச்சு. கடன்முறியைப் பிரசங்கிக்க ஆசையா? கொலோசெயர் 2-க்கு வாருங்கள்.

அப்படியானால் தோற்றவன் இன்னும் ஏன் உலாவுகிறான்? எபிரெயர் 2:14-ல், மரணத்தினாலே பிசாசானவனை “அழிக்கும்படிக்கு” என்று வாசிக்கிறோம். மூலத்திலுள்ள வினைச்சொல் லூக்கா 13:7-லும் வருகிறது. கனிகொடாத அத்திமரம் நிலத்தைக் “கெடுக்கிறது” என்று. நிலம் மறைந்துபோகவில்லை, பயனற்றுப்போனது. பிசாசுக்கும் அதுதான் நடந்தது. அவன் இருக்கிறான், கெர்ச்சிக்கிறான், பத்திரம் இல்லாமல் வழக்காடுகிறான். வெளிப்படுத்தின விசேஷம் 12:10-11 அவனை “குற்றஞ்சாட்டுபவன்” என்றே அழைத்து, அவனை ஜெயித்த ஆயுதம் ஆட்டுக்குட்டியின் இரத்தம் என்கிறது.

நடைமுறையில் இது எப்படி? பழைய பாவம் ஒன்று இராத்திரியில் எழுந்து நிற்கும்போது அதை மறுக்காதீர்கள், நற்கிரியைகளைப் பட்டியல் போட்டு ஈடுகட்டவும் பார்க்காதீர்கள். இரண்டிலும் வழக்கு அவன் பக்கம் திரும்பும். ஆவியானவர் உணர்த்தினால் இன்ன பாவம் என்று பேர்சொல்லி உணர்த்துவார், அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு என்ற 1 யோவான் 1:9-ன் வாசலையும் திறந்துவிடுவார். குற்றஞ்சாட்டுகிறவனோ “நீ இப்படிப்பட்டவன்தான்” என்று பொதுவாகச் சொல்லி வாசலைச் சாத்துவான். அறிக்கைசெய்து விட்ட பாவத்தை அவன் மறுபடி கொண்டுவந்தால் ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறவன் யார் என்று கேட்கிற ரோமர் 8:33-34-ஐ வாய்விட்டு வாசியுங்கள். மற்றவனுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டியது இருந்தால் மட்டும் கொடுத்துத்தான் தீரவேண்டும். கொல்கொதா அதற்குச் சாக்கு அல்ல.

இதைக் கொலோசே சபையார் கண்ணாலேயே பார்த்தார்கள். கொலோசெயர் 4:7-9-ன்படி நிருபத்தோடு வந்தவர்கள் இருவர்: தீகிக்கு, அவனோடு ஒநேசிமு. ஒநேசிமு அந்த ஊர்க்காரன், பிலேமோனின் அடிமை. பிலேமோனுக்கு எழுதின நிருபமும் அதே பயணத்தில் வந்தது என்றே பெரும்பாலான வேத ஆய்வாளர் கருதுகிறார்கள். அது பிலேமோனின் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. ஒரு நிருபத்தில் நம் கையெழுத்து துடைக்கப்பட்டது என்று கேட்டார்கள். மற்றதில், ஒநேசிமு கடன்பட்டது உண்டானால் என் கணக்கிலே வைத்துக்கொள்ளும் என்று கேட்டார்கள். அதோடு பவுல் விடவில்லை. கடன்முறி எழுதும் முறைப்படியே எழுதினார்: “பவுலாகிய நான் இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்.” காவலில் சங்கிலியோடு இருந்த மனிதன், ஓடிப்போன அடிமைக்காகக் கொடுத்த புதிய கையெழுத்து. பிலேமோன் அதை என்ன செய்தார் என்று வேதம் சொல்லவில்லை. ஒநேசிமு வாசலில் நிற்க, தாள் பிலேமோனின் கையில் இருக்கிறபடியே நிருபம் முடிந்துவிடுகிறது.